பித்தம் இல்லாத பித்தநோய்: ஒரு வேர்ச்சொல்லும் கல்கத்தாவின் மருத்துவ வரலாறும்

தென் கொல்கத்தாவின் ராஸ்பிகாரி அவென்யூவில் உள்ள லேக் மார்க்கெட், அந்நகரத் தமிழர்களுக்குப் பல தலைமுறைகளாகப் பழகிய இடம். வாழையிலை, மல்லிகைச் சரம், முருங்கைக்காய், காப்பித்தூள் என்று ஊர்ப் பொருள்கள் அங்கே கிடைக்கும். தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் வங்காளிக் கடைக்காரரிடம் மஞ்சள் வாங்கும்போது ‘ஹொலுத்’ என்றே கேட்பார். பக்கத்து மருந்துக் கடையில் கணவருக்குக் கொலஸ்டிரால் மாத்திரை வாங்குவார். பேரக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொள்வார். அப்பொட்டலத்தின் மீது ‘சோடியம் குளோரைடு’ என்று அச்சிடப்பட்டிருக்கும்.

ஹொலுத், கொலஸ்டிரால், குளோரைடு ஆகிய மூன்று சொற்களும் ஒரே தொல்வேரின் கிளைகள். அப்பொட்டலம் எந்த நோயை வெல்ல முதன்மையாக உருவானதோ, அந்தக் காலராவின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததாகவே பெரும்பாலோர் கொள்கின்றனர். ஆயினும் மஞ்சளுக்கும் காலராவுக்கும், கொலஸ்டிராலுக்கும் குளோரைடுக்கும் இயல்பால் எந்த உறவும் இல்லை. ஒரே வேரில் பிறந்த மருத்துவச் சொற்கள் ஒரே பொருளைச் சுட்டும் என்று எண்ணுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, காலராவின் பெயர் வரலாறு ஒரு பாடம். அந்த வரலாற்றின் முக்கியமான பக்கங்கள் பல கல்கத்தாவிலேயே எழுதப்பட்டன.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூலமொழிக்கு ‘ஃகெல்’ என்ற ஒலிவடிவில் ஒரு வேரை மொழியியலார் மீட்டமைத்துள்ளனர். மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளிர்வு என்பது அதன் பொருள். சமஸ்கிருதத்தில் அது ‘ஹரி’, ‘ஹரித’ என்ற நிறச்சொற்களாயிற்று. ‘ஹரித்ரா’ என்ற மஞ்சளின் பெயர் வங்காளத்தில் ‘ஹொலுத்’ எனத் திரிந்தது. கிரேக்கத்தில் வெளிர்பச்சையைக் குறிக்கும் ‘குளோரோஸ்’ ஒரு கிளை. குளோரின், குளோரைடு, குளோரோஃபில் ஆகியவை அதன் வழிவந்தவை. பித்தத்தைக் குறிக்கும் ‘கொலே’ மற்றொரு கிளை. பித்தநீரின் நிறமே அதற்குப் பெயராயிற்று.

இந்தக் ‘கொலே’ கிரேக்க மருத்துவத்தில் நிறத்தின் பெயர் என்ற அளவில் நிற்கவில்லை. குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்மங்களின் சமநிலையே உடல்நலம் என்று அம்மருத்துவம் கொண்டது. மனச்சோர்வு கரும்பித்தம் மிகுவதால் வருவது என்று கருதியதால் அதற்கு ‘மெலன்கோலியா’ என்று பெயரிட்டது. ‘மெலாஸ்’ என்பது கருமை. தோலின் நிறமியான மெலனினும் மெலனோமா என்னும் புற்றுநோயும் அந்தக் கருமைச் சொல்லிலிருந்து வந்தவை. கரும்பித்தம் என்று ஒரு நீர்மம் உடலில் இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. பெயர் மட்டும் எஞ்சியது.

தமிழ் வாசகருக்கு இது அயலான சிந்தனை அன்று. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் மிகுதியும் குறையும் நோய் தரும் என்பது இந்திய மருத்துவ மரபின் அடிப்படை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் அம்மூன்றைக் குறிப்பால் சுட்டித் தொடங்குகிறது. பித்தத்தின் மிகுதி மனத்தைக் கலக்கும் என்ற எண்ணத்தைத் தமிழின் ‘பித்து’, ‘பித்தன்’ ஆகிய சொற்கள் இன்றும் சுமக்கின்றன. கிரேக்கமும் இந்திய மரபும் வெவ்வேறு சொற்களைக் கொண்டு ஏறத்தாழ ஒரே கருத்தைப் பெயருக்குள் வைத்துப் பூட்டின. பித்துப் பிடித்தவருக்குப் பித்தநீர்ச் சோதனை செய்ய இன்று எவரும் முனைவதில்லை. அங்கே பெயரும் பொருளும் பிரிந்துவிட்டதைப் பேசுவோர் தாமாகவே உணர்ந்துள்ளனர். காலராவின் நிலை அப்படி இருக்கவில்லை.

ஹிப்போக்ரட்டஸ் மரபின் நூல்களில் ‘கொலெரா’ என்பது வாந்தியும் கழிச்சலும் ஒருங்கே வரும் நோய். வெளியேறுவதில் பித்தத்தின் நிறம் தெரிந்ததால் அப்பெயர் வந்தது என்பது பரவலான கொள்கை. கூரையிலிருந்து மழைநீர் வழியும் தூம்பைக் குறிக்கும் ‘கொலேத்ரா’ என்ற சொல்லே அதன் மூலம் என்று வாதிட்டோரும் உண்டு. எவ்வாறாயினும் ஐரோப்பிய மருத்துவர் தொடர்ந்து பித்தத்தையே மூலமாகக் கொண்டனர். 18ஆம் நூற்றாண்டு வரை ‘காலரா மோர்பஸ்’ என்பது அவர்களுக்குக் கோடைக்காலத்தில் ஆங்காங்கே தோன்றும் பித்த வாந்தியும் கழிச்சலும் கொண்ட நோயாகவே இருந்தது. அதனால் இறந்தோர் குறைவு.

1817ஆம் ஆண்டு ஆகஸ்டில் வங்காளத்தின் ஜெஸ்ஸோரில் வெடித்த கொள்ளைநோய் அவ்வகையைச் சேர்ந்தது அன்று. காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் இறந்தார். கண்கள் குழிந்தன, தோல் சுருங்கியது, குரல் அடங்கியது. அரிசி கழுவிய நீர்போல் வெளுத்த கழிச்சல் இடைவிடாது வெளியேறியது. நோய் கல்கத்தாவைத் தாக்கியது. 1818இல் சென்னை மாகாணத்தை எட்டியது. பின்னர் கடல் கடந்தது. இதற்கு என்ன பெயர் இடுவது என்பதே கம்பெனி மருத்துவர்களின் முதல் சிக்கலாயிற்று. ஜெஸ்ஸோரில் பணியாற்றிய ராபர்ட் டைட்லர், புது அரிசியை உண்டதே காரணம் என்று கருதி, ‘அரிசி நோய்’ என்று பொருள்படும் இலத்தீன் பெயர் ஒன்றை முன்மொழிந்தார். அப்பெயர் நிலைக்கவில்லை. வங்காள மருத்துவ வாரியத்துக்காக ஜேம்ஸ் ஜேம்சன் 1820இலும், சென்னை வாரியத்துக்காக வில்லியம் ஸ்காட் 1824இலும் தொகுத்த பெரும் அறிக்கைகளில் ‘காலரா’ என்ற பழைய பெயரே இடம்பெற்றது. புதிய கொள்ளைநோய் பழைய பெயருக்குள் நுழைந்தது. பெயரோடு பித்தமும் உடன் வந்தது.

இந்நாட்டு மொழிகளில் அந்நோய்க்கு வழங்கிய பெயர்கள் வேறு வகையானவை. வங்காளத்தில் அது ‘ஓலாஓட்டா’. ‘ஓலா’ கீழிறங்குதல், ‘ஓட்டா’ மேலெழுதல். கழிச்சலையும் வாந்தியையும் அன்றி வேறெதையும் அது கூறவில்லை. அந்நோயைத் தணிக்க வேண்டி இந்துக்கள் ஓலாய்சண்டி என்றும் முஸ்லிம்கள் ஓலாபீபி என்றும் ஒரே தெய்வ வடிவை வணங்கினர். தமிழில் அது ‘வாந்திபேதி’. இதுவும் கண்ணால் கண்டதன் பெயரே. கொங்கணியிலும் மராத்தியிலும் அது ‘மோட்ஷி’. உடல் ஒடிந்து தளர்வதைக் குறிக்கும் சொல். 1563இல் கோவாவில் நூல் வெளியிட்ட போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இந்நாட்டுப் பெயரைப் பதிவு செய்தார். போர்ச்சுகீசியரின் வாயில் அது ‘மோர்தெஷீம்’ ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் அதையே ‘மோர்-த-ஷியேன்’ என்று கேட்டு, ‘நாயின் சாவு’ என்று பொருள் கொண்டனர். இல்லாத வேரைச் சொல்லுக்குள் கண்டெடுக்கும் பழக்கம் எளிதில் தோன்றும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பெயர் வேறுபாடு சொல்லளவில் நின்றிருந்தால் அது அகராதியாளரின் கவலையாக மட்டுமே இருந்திருக்கும். நோயாளியின் படுக்கை வரை அது சென்றது. காலராவின் வெளுத்த கழிச்சலில் பித்தத்தின் நிறம் இல்லை என்பதை மருத்துவர்கள் நன்றாகவே கண்டனர். பித்தநோய் என்று பெயர் பெற்ற ஒன்றில் பித்தமே இல்லை. இம்முரண்பாடு பெயரையும் கோட்பாட்டையும் ஐயுறச் செய்திருக்க வேண்டும். பலர் அதற்கு எதிரான முடிவுக்கு வந்தனர்: பித்தம் கல்லீரலில் தடைபட்டு நிற்கிறது, அதை மீண்டும் ஓடச் செய்வதே மருந்து. ஆகவே பாதரசச் சேர்மமான காலோமெல் பெரும் அளவுகளில் புகட்டப்பட்டது. அது கழிச்சலைத் தூண்டும் மருந்து. கூடவே குருதியும் வடிக்கப்பட்டது. நீர் வற்றி இறந்துகொண்டிருந்தவரின் உடலிலிருந்து மேலும் நீர் வெளியேற்றப்பட்டது. பின்னர் நோயாளியின் கழிச்சலில் பித்த நிறம் திரும்பினால் மருந்து வேலை செய்தது என்று கொண்டாடப்பட்டது. நோய் தானாகத் தணிந்ததன் அடையாளம் அது என்பதை எவரும் பிரித்தறிய வழியிருக்கவில்லை.

இத்தனைக்கும் பெயரே காரணம் என்று கூறுவது மிகை. நீர்மக் கோட்பாடு மருத்துவக் கல்வியின் அடித்தளமாக இருந்தது. காலோமெல் பல நோய்களுக்கும் வழங்கப்பட்டது. ஆனால் கோட்பாடு தளர்ந்த பின்னும் அதை நினைவூட்டிக்கொண்டே இருந்தது பெயர். மருத்துவர் ஒவ்வொரு முறை நோயின் பெயரை எழுதியபோதும், பித்தத்தைத் தேடும்படி அது அவரை ஏவிற்று.

உண்மையான விடை மிக முன்னதாகவே கிடைத்திருந்தது. 1831 இறுதியில், ஐரோப்பாவைக் காலரா தாக்கியபோது, வில்லியம் புரூக் ஓஷாக்னெஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் குருதியை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். குருதி நீரையும் உப்புகளையும் பெருமளவில் இழந்துவிடுகிறது. இழந்ததைத் திருப்பித் தருவதே தக்க மருத்துவம் என்பது அவர் முடிவு. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா உப்புநீரை நரம்பின் வழியே செலுத்தினார். சாகக் கிடந்த சிலர் எழுந்து அமர்ந்தனர். ஆயினும் தூய்மையின்மை, அளவறியாமை, மருத்துவ உலகின் எதிர்ப்பு ஆகியவற்றால் அம்முறை கைவிடப்பட்டது. ஓஷாக்னெஸி 1833இல் கம்பெனி மருத்துவராகக் கல்கத்தா வந்தார். 1835இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். காலராவின் வேதியியலைக் கண்டறிந்தவர் காலராவின் நடுவே வாழ்ந்தார். இந்நகரில் அவருக்குப் புகழ் தந்தவையோ கஞ்சாவின் மருத்துவ ஆய்வும் இந்தியத் தந்தித் துறையின் நிறுவனமும்தான்.

அடுத்த திருப்பம் 1883 டிசம்பரில் வந்தது. எகிப்தில் ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் காக், நோய் அங்கே தணிந்ததும் கல்கத்தா வந்தார். காற்புள்ளி வடிவக் கிருமியை நோயாளிகளின் குடலிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்தார். மக்கள் குளித்தும் குடித்தும் வந்த குளம் ஒன்றின் நீரிலும் அதைக் கண்டார். 1854இலேயே ஃபிளாரன்ஸில் பிலிப்போ பசீனி அக்கிருமியைக் கண்டு எழுதியிருந்தார் என்பது பின்னர் ஏற்கப்பட்டது. கிருமி கிடைத்துவிட்டது. அது எவ்வாறு கொல்கிறது என்பது மேலும் 75 ஆண்டுகள் விளங்கவில்லை. அதன் நஞ்சு குருதியில் பரவிக் கொல்கிறது என்று எண்ணி, விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் ஊசி வழியே செலுத்திப் பார்த்தனர். காலராவின் அறிகுறிகள் தோன்றவில்லை.

ஹூக்ளி மாவட்டத்தில் 1915இல் பிறந்த சம்புநாத் தே, கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் பணியாற்றிய நோயியல் அறிஞர். நோய் நிகழும் இடமான குடலுக்குள்ளேயே அவர் விடை தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். கட்டிய பகுதியில் நீர் நிறைந்து வீங்கியது. 1953இல் அம்முறையை வெளியிட்டார். 1959இல் ‘நேச்சர்’ இதழில், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய நீர்மமே அதே விளைவைத் தருகிறது என்று காட்டினார். கிருமி வெளியிடும் நஞ்சு குடற்சுவரில் செயல்பட்டு நீரை இறைக்கிறது என்பது உறுதியாயிற்று. நஞ்சு குடற்சுவரின் உயிரணுக்களில் குளோரைடு அயனிகள் வெளியேறும் வழியைத் திறந்துவிடுகிறது என்றும், அவற்றைத் தொடர்ந்து சோடியமும் நீரும் பெருகி வெளியேறுகின்றன என்றும் பின்வந்த ஆய்வுகள் விளக்கின. பித்தம் இதில் எங்குமே இல்லை. கழிச்சல் வெளுத்திருப்பதற்கும் பித்தத் தடை காரணம் அன்று. பெருகிய நீரில் கரைந்து பித்தத்தின் நிறம் தெரியாமல் போகிறது, அவ்வளவே.

வாழ்நாளில் தே போதிய மதிப்பைப் பெறவில்லை. 1973இல் ஓய்வு பெற்றார்; 1978இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார்; 1985இல் மறைந்தார்.

மருத்துவமும் அதே நகரில் படிப்படியாக வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் செறிவு மிகுந்த உப்புநீரை நரம்பில் செலுத்தி இறப்பு விகிதத்தைப் பெரிதும் குறைத்தார். 1953இல் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, கல்கத்தாவில் கடுமை குறைந்த 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். குடல், குளுக்கோஸோடு சேர்த்துச் சோடியத்தை உறிஞ்சும் என்ற அறிவியல் விளக்கம் 1960களில் வலுப்பெற்றது. 1968இல் டாக்காவில் நடந்த ஆய்வுகள் வாய்வழி நீரூட்டத்தை நிறுவின. 1971இல் வங்கதேசப் போரின் அகதிகள் எல்லை கடந்து வந்தபோது, பொங்காவ் முகாமில் நரம்புவழி நீர் தீர்ந்துபோயிற்று. அங்கே பணியாற்றிய திலீப் மகாலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினரே புகட்டும்படி செய்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, அம்முறை கையாளப்பட்ட இடத்தில் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

இப்போது அந்த வேர்ச்சொல்லுக்குத் திரும்பினால், அதன் கிளைகளை மூன்று வகையாகப் பிரித்துக் காண இயலும். முதல் வகையில் வேர் இன்றும் உண்மை பேசுகிறது. பித்தப்பையை நீக்கும் அறுவைக்குரிய கோலிசிஸ்டெக்டமி, பித்தத் தேக்கத்தைக் குறிக்கும் கோலிஸ்டேசிஸ் ஆகியவை அவ்வகை. தமிழில் பித்தப்பை, பித்தநாளம், பித்தக்கல் என்று அவற்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

இரண்டாம் வகையில் வேர், பொருள் முதலில் கிடைத்த இடத்தை மட்டும் குறிக்கிறது. பித்தக்கற்களில் கண்ட மெழுகுபோன்ற பொருளுக்கு 1815ஐ ஒட்டி மிஷெல் ஷெவ்ரல் ‘திடப் பித்தம்’ என்ற பொருள்படப் பெயரிட்டார். அதுவே கொலஸ்டிரால். அது உயிரணுச் சவ்வு ஒவ்வொன்றிலும் உள்ளது. பித்த அமிலங்கள் அதிலிருந்தே உருவாகின்றன என்பதால் பெயருக்குச் சற்றே நியாயம் உண்டு. 1862இல் அடோல்ஃப் ஸ்ட்ரெக்கர் பித்தநீரிலிருந்து பெற்ற சேர்மத்துக்குக் கோலின் என்று பெயரிட்டார். அதன் வழித்தோன்றலான அசிட்டைல்கோலின், நரம்புகள் செய்தி கடத்தும் வேதிப்பொருள். 1921இல் தவளையின் இதயத்தைக் கொண்டு ஓட்டோ லோவி இதை நிறுவினார். 1936இல் ஹென்றி டேலும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அசிட்டைல்கோலினுக்கும் பித்தத்துக்கும் இன்று பெயரைத் தவிர வேறு உறவில்லை. பூச்சிக்கொல்லி அருந்தியவரின் குருதியில் கோலினெஸ்டரேஸ் நொதியை அளக்கும் மாணவர், அச்சொல்லின் தொடக்கத்தைப் பார்த்துப் பித்தத்தை நினைப்பது இயல்பு. நினைத்தால் தவறும் அவரே.

மூன்றாம் வகை காலராவும் மெலன்கோலியாவும். இங்கே வேர் பொருளையும் குறிக்கவில்லை, பிறப்பிடத்தையும் குறிக்கவில்லை. கைவிடப்பட்ட ஒரு கோட்பாட்டின் எச்சமாக மட்டுமே நிற்கிறது.

இந்த வேறுபாடு கலைச்சொல் ஆக்குவோருக்கு நேரடியாகப் பயன்படும். யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களை வெளியிட்டார். சொல் தேர்வில் தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் என்ற வரிசையில் அவர் தேடியதாக அறிகிறோம். எந்த மொழியில் தேடுவது என்ற வினாவோடு, எதைப் பெயர்ப்பது என்ற வினாவும் அப்பணியில் உண்டு. வேரைப் பெயர்த்தால் காலரா ‘பித்தநோய்’ ஆகியிருக்கும். ஐரோப்பியர் வீழ்ந்த குழியில் தமிழும் வீழ்ந்திருக்கும். தமிழ் மக்கள் ‘வாந்திபேதி’ என்றனர். கோட்பாடு ஏதுமற்ற அச்சொல், கோட்பாடுகள் மாறியபோது மாற வேண்டிய தேவையின்றி நின்றது. வங்காளியின் ‘ஓலாஓட்டா’வும் அவ்வாறே: உடலிலிருந்து மேலும் கீழுமாக வெளியேறுவதே நோய் என்று அது கூறியதைத்தான் 1959இல் சம்புநாத் தே முயலின் குடலில் காட்டினார்.

வேர்ச்சொல் ஆராய்ச்சி வீண் என்பது இதன் பொருள் அன்று. ஒரு சொல் பிறந்த காலத்தில் அறிஞர் எதை நம்பினர் என்பதை அது சொல்லும். அச்சொல் சுட்டும் பொருள் இன்று எது என்பதைச் சொல்லாது. முன்னதை வரலாற்றிலும் பின்னதை ஆய்வகத்திலும் தேட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொண்ட காலத்தில், நீர் கேட்டவர்க்குக் காலோமெல் கொடுக்கப்பட்டது.

லேக் மார்க்கெட் மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பொட்டலத்தில் சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் குளுக்கோஸும் சிட்ரேட்டும் உள்ளன. காலராவும் குளோரைடும் ஒரே வேரின் சொற்கள் என்பது மொழியின் தற்செயல். குடல் இழந்த குளோரைடையும் சோடியத்தையும் நீரையும் அப்பொட்டலம் திருப்பித் தருகிறது என்பதே உயிர் காக்கும் உண்மை.